பிரியாணி ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை இலக்கியக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று மறுபடி முதலிலிருந்து எழுதப் போவதில்லை. பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். நாவலுக்காக ஆம்பூர் போன அன்றைக்கு நான் போட்ட சாப்பாட்டுப் போட்டோவை வைத்து என்னிடம் ஒரு கேள்வி: "ஆம்பூருக்குக் கள ஆய்வுக்குப் போனீங்களா, பிரியாணி ஆய்வுக்குப் போனீங்களா?" கேட்டவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். நாலு நாளாக எனக்கு அதுதான் ஆறவில்லை, நான் ஏன் சிரித்தேன்?

சரி, அந்தப் போட்டோவைப் போட்டது நான்தான். பிரியாணி, எண்ணெய்க் கத்திரிக்காய், தயிர்ப் பச்சடி. மேலே ஒரு வரி: "நாவலும் கடைசிக்கு வந்தாச்சு, வயிறும் ரொம்பியாச்சு." தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போகிற ஒருவனைப் பற்றி மூன்று வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறவள் இப்படிப் போடலாமா? போடலாம். எழுதுகிறவள் சாப்பிடலாம், சிரிக்கலாம், ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கலாம். அதனால் எழுதுவது பொய்யாகிவிடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்த முடியவில்லை, ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை 4 மணிக்கு எழுந்திருப்பேன். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயில் நாளில் விடியற்காலைச் சுவரைத் தொட்டாலும் முந்தின நாள் சூடு இருக்கும். நாலிலிருந்து ஆறு வரைக்கும்தான் எனக்கு நாவல். ஆறு மணிக்குப் பால், பையனுக்கு டிபன், அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை. ஒன்பதரைக்குச் சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் கடை ஷட்டரைத் தூக்கியாக வேண்டும். ஜெராக்ஸ், டைப்பிங், மனு எழுதித் தருவது, எல்லாம் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலையில் எழுதியது தொட்டிக்குள் தங்குகிற வாயுவைப் பற்றி. முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடிப்போனால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் விட்டுவிட்டது, இனி இறங்கலாம் என்று இறங்குவான். காற்றைவிடக் கனமானது என்பதால் அடியில்தான் நிற்கும். இதை எழுதி முடித்த கையோடு எழுந்து போய் இட்லி மாவில் உப்புப் போட்டுக் கலக்கினேன். அன்றைக்கு உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன், பையன் மூஞ்சியைச் சுளித்தான், எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சொல்கிறபடி பார்த்தால் நான் அந்த இட்லியையே அவித்திருக்கக் கூடாது போலிருக்கிறது.

கடையிலும் இதேதான். விபத்தில் புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்து எதிரில் உட்காருவாள். நஷ்டஈட்டு மனு. இறந்தவர் வயது, மாதச் சம்பளம், அவரை நம்பியிருந்தவர்கள் யார் யார் என்று நான் கேட்கக் கேட்க அவள் சொல்லுவாள். சில பேர் அழுவார்கள், சில பேர் அழமாட்டார்கள். மூன்று காப்பி எடுத்து, பின் அடித்து, காசு வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவேன். அப்படிச் சாப்பிடாமல் கடை நடத்தினால் இத்தனை வருடத்தில் நான் செத்திருப்பேன். டாக்டர் சாப்பிடுகிறார், பிணவறையில் வேலை பார்க்கிறவர் சாப்பிடுகிறார், வெட்டியான் சாப்பிடுகிறார். எழுதுகிறவள் மட்டும் பட்டினி கிடந்து கன்னம் ஒட்டிப் போட்டோ போட வேண்டுமா?

"ஏன் இப்படி இருட்டாவே எழுதறீங்க, ஜாலியா எழுதலாமே" என்று சிலர். அவர்களுக்குப் பதில் கிடையாது, வாட்ஸாப்பில் நிறைய ஜோக் வருகிறது, படித்துக்கொள்ளட்டும்.

"மிகைப்படுத்தறீங்க, இப்பல்லாம் எல்லாம் மாறிப்போச்சு" என்று இன்னும் சிலர். பாலாறு மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டார்கள். எல்லாம் மாறிவிட்டது என்றால் 2025 ஜனவரியில் அதே பாலாறு, அதே தோல் கழிவுக்காக அதே நீதிமன்றம் மறுபடி ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது? நடுவில் 2015 ஜனவரி 31. ராணிப்பேட்டையில் கழிவு சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துக் கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் எழுதுவது அந்தச் சம்பவத்தை அல்ல, திரும்பத் திரும்பச் சொல்லியும் சிலருக்கு ஏறவில்லை. ஆனால் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்லாதீர்கள். உண்மையில் நடந்ததைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன், அப்படியே எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

என் அப்பாவும் தோல் ஷாப்பில்தான் வேலை பார்த்தார். சுண்ணாம்புக் குழியில் நின்று நின்று கால் விரலிடுக்கெல்லாம் வெளுத்து அரித்துப்போயிருக்கும். நாற்றம் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், அது வேறு கதை. நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த மாமா ஒருத்தர் ஷாப்புத் தொட்டியில் செத்துப்போனார். அப்பாதான் தூக்கி வெளியே போட்டாராம். அன்று ராத்திரி வீட்டுக்கு வந்தார், குளித்தார், சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது தடவை ரசம் கேட்டார். அம்மா ஊற்றினாள். "இன்னிக்கு ரசம் நல்லா கீது" என்றார்.

நான் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. எப்படி இந்த மனுஷனுக்கு ரசம் இறங்குகிறது என்று அவ்வளவு வெறுப்பு. ஞாயிற்றுக்கிழமை மேடையில் அந்தக் கேள்வி வந்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நான் பதினோரு வயதில் அப்பாவைப் பார்த்த அதே பார்வையோடு அறுபது வயதில் ஒருத்தர் என்னைப் பார்க்கிறார். எனக்கு அப்போது விவரம் தெரியாது, உங்களுக்கு என்ன அண்ணா?

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டுமா என்ன. சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம்மை நாமே கிண்டல் பண்ணிக்கொள்ளும் ஊர் இது. (கோயிலுக்கு 1981இல் சாமி வந்துவிட்டார். கிண்டல் மட்டும் நிற்கவில்லை.) 2021 நவம்பரில் பாலாற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது எங்கள் தெருவில் ஒரு சாவு. பந்தலில் இருந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து பாலத்துக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தார்கள். செத்தவரின் தம்பியும்தான் போனார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. பாலாற்றில் தண்ணி வந்தால் வேலூர்க்காரன் சாவு வீட்டிலிருந்தும் எழுந்து போவான். என் நாவலின் கடைசி அத்தியாயம் அந்த வெள்ளத்தில்தான் நடக்கிறது. ஐயோ, கதையைச் சொல்லிவிட்டேன்.

அடுத்தவர் கஷ்டத்தை வைத்துப் பேர் வாங்குகிறாய் என்பதுதான் மிச்சமிருக்கிற குற்றச்சாட்டு. அண்ணன் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இருந்தது அதுதான். இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. நான்கு நாளாக யோசித்தேன். மனு எழுதினால் இருபது ரூபாய், ஐம்பது ரூபாய் வாங்குகிறேன், அப்போது யாரும் இதைக் கேட்கவில்லை என்று சொல்லிப் பார்த்தேன், எனக்கே அது நொண்டிச் சாக்காகத்தான் தெரிகிறது. மனு அவர்களுக்காக எழுதுவது. நாவலை யாரும் எழுதச் சொல்லிக் கேட்கவில்லை. போகட்டும்.

இன்னொரு விஷயம், சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தப் போட்டோவில் இலையின் ஓரத்தில் ஒரு கை தெரியும், பார்த்தீர்களா? நூற்றுச் சொச்சம் பேர் லைக் போட்டீர்கள், ஒருத்தர்கூட அது யார் கை என்று கேட்கவில்லை. அன்றைக்கு ஆம்பூர் பக்கத்தில் ஒரு அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவர் புருஷனும் தொட்டியில் போனவர்தான். மூன்று மணி நேரம் பேசினார். எழுந்து கிளம்பும்போது எனக்குக் கை நடுங்கியது, பேனாவைப் பையில் போட முடியவில்லை. அவர் பையன் ஷூ கம்பெனியில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கியிருந்தான். "இன்னாக்கா நீ, எங்கம்மாவே அழல, நீ இன்னாத்துக்கு இப்டி ஆவுற, வா துன்னுட்டு போ" என்று பிரியாணிக் கடைக்குக் கூட்டிப்போனான். காசு அவன்தான் கொடுத்தான். நான் பர்ஸை எடுத்ததும் முறைத்தான். போட்டோ எடுக்கச் சொன்னதும் அவன்தான். இதை எழுதுவதற்கும் ராத்திரி போன் பண்ணிக் கேட்டுவிட்டேன், பேரைப் போடாமல் எழுதிக்கோ என்றான்.

இதைச் சொன்னதும் இப்போது எல்லோரும் என் பக்கம் வந்துவிடுவீர்கள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவன் வாங்கித் தராமல் நானே என் காசில் தனியாகப் போய் மூக்கு முட்டத் தின்றிருந்தாலும் அது சரிதான். அதுதான் நான் சொல்ல வந்தது.

அண்ணா, என் முதல் சிறுகதையில் ஒற்றுப்பிழை திருத்திக் கொடுத்தது நீங்கள். என் கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டே அத்தியாயம் அத்தியாயமாகக் கேட்டவர். கேட்பதென்றால் அங்கே வைத்தே கேட்டிருக்கலாம். நூறு பேர் சிரிக்கும்போதுதான் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வந்ததா? இதைப் படித்துவிட்டு "அவ ரொம்ப டச்சி, தொட்டாச்சிணுங்கி" என்று நாலு பேரிடம் சொல்லுவீர்கள், சொல்லுங்கள். அடுத்த வாரமும் கடை திறந்துதான் இருக்கும்.

நாவலின் 38ஆம் அத்தியாயத்தில் அவன் தொட்டியில் இறங்க வேண்டும். பதினோரு நாளாகத் தொட்டி விளிம்பிலேயே நிற்கிறான். நான் அரிசி டப்பாக்களைக் கழுவிக் காயவைத்தேன், பீரோவை ஒழித்து அடுக்கினேன், கடைக் கணக்கு மார்ச் வரைக்கும் எழுதிவிட்டேன். கதை முழுக்க எங்கள் அத்தைக்குத் தெரியும், தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னாம்மா, அந்தப் புள்ள கீறானா, பூட்டானா?" காப்பாத்திடேன், உன் கையிலதான கீது என்பார். சில நாள் வேண்டுமென்றே எனக்குக் காப்பியில் கூடுதலாக ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுப்பார், லஞ்சமாம்.

இன்றைக்கு நாலு மணிக்கு எழுந்து நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது மணி ஐந்தே முக்கால். என் இரண்டு மணி நேரமும் இதிலேயே போய்விட்டது. அதற்கும் சேர்த்துத்தான் உங்கள் மேல் கோபம்.

அத்தை எழுந்துவிட்டார், செருப்புச் சத்தம் கேட்கிறது. இன்னைக்கும் கீறான் அத்தை என்றுதான் சொல்ல வேண்டும்.