அந்த 500 வாட், வெளியீடு அல்ல
ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஆம்ப்ளிஃபயர்களில் சிக்னலின் பவரைக் கூட்டும் 3-500Z வால்வின் (வெற்றிடக் குழாயின்) அளவே 500 வாட், அதனால் ஒரே வால்வு போட்ட ஆம்ப்ளிஃபயர் அதற்கு மேல் தராது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அப்படியே பகிர்கிறார்கள். மன்னிக்கவும், டேட்டா ஷீட்டில் உள்ள அந்த 500, பிளேட் (வால்வுக்குள் இருக்கும் நேர்மின்முனை) தாங்கக்கூடிய வெப்பம். ஆன்டெனாவுக்குப் போகும் பவர் வேறு கணக்கு.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வாங்கி வெப்பமாக்கும் டம்மி லோட் மாட்டி, டியூன் செய்து, சில நொடிகள் மட்டும் டிரான்ஸ்மிட் கீயை அழுத்துங்கள். பிளேட் மீட்டரில் 2500 வோல்ட், 400 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1000 வாட். பவர் மீட்டர் 600 காட்டினால், மீதி 400 வாட் வெப்பமாகப் பிளேட்டில் இறங்குகிறது. 500-க்குள்தானே இருக்கிறது! (வால்வின் கிரிட் முனையை கிரவுண்ட் செய்த சர்க்யூட்டில், ஆம்ப்ளிஃபயருக்குள் நாம் செலுத்தும் டிரைவ் பவரில் ஒரு பகுதியும் வெளியீட்டில் சேரும், அதனால் உண்மையான வெப்பம் கொஞ்சம் கூடுதல்.) வால்வுக்குள் சூடாகும் இழையான ஃபிலமென்ட் தனியாக 5 வோல்ட், 14.6 ஆம்பியர், அதுவே 73 வாட். ஃபேன் ஓடாமல் இந்தச் சோதனை வேண்டாம்.

மூடியையும் திறக்காதீர்கள், முன்பக்க மீட்டர்களே போதும்.