டெலிகேட் மோடில் துவைத்தால் மைக்ரோபிளாஸ்டிக் வராதா?

"பாலியஸ்டர் துணியை டெலிகேட் மோடில், தண்ணீரை முழு அளவு வைத்துத் துவைத்தால் மைக்ரோபிளாஸ்டிக் வெளியேறவே வெளியேறாது." கோலாலம்பூர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. உண்மை நேர் எதிர். இங்கே மைக்ரோபிளாஸ்டிக் என்பது பாலியஸ்டர் துணியிலிருந்து உதிரும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள். டெலிகேட் மோடு என்பது மெல்லிய துணிகளை மென்மையாகத் துவைக்க மிஷினில் இருக்கும் அமைப்பு.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாலியஸ்டர் துணிகளைத் துவைத்துப் பார்த்தார்கள். சாதாரண மோடைவிட டெலிகேட் மோடில் சராசரியாக 8 லட்சம் இழைகள் கூடுதலாக உதிர்ந்தன. டிரம்மின் வேகத்தைவிட, துணிக்கு மிஞ்சிய தண்ணீர்தான் பெரிய காரணம். 2019இல் 'என்விரான்மென்டல் சயின்ஸ் அண்ட் டெக்னாலஜி' இதழில் வந்த ஆய்வு இது, தேடிப் பார்க்கலாம். மென்மையாகத் துவைத்தால் குறைவாக உதிரும் என்று யாருக்கும் தோன்றும்தான்.

சரி, என்ன செய்யலாம்? நாலு ஜெர்சிக்காக மிஷினை ஓட்டாமல், துணி சேர்ந்ததும் போடுங்கள். பச்சைத் தண்ணீர், குறைந்த நேரம் போதும். டாப்-லோடு மிஷினுக்குள் இருக்கும் வலைப்பையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு திரண்டிருக்கும். அதைக் குழாயடியில் அலசாமல், கிள்ளி எடுத்துக் குப்பையில் போடுங்கள். அந்த வலை எல்லா இழையையும் பிடிக்காது. பிடித்ததையாவது நாமே லோங்காங்கில் (சாக்கடையில்) விட வேண்டாமே.

அந்தச் செய்தி வந்தால் மேலே அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், குழுவில் இந்த விளக்கத்தைப் போட்டுவிடுங்கள்.