மாநிலப் போட்டியில் ஜெயித்தால் கிராண்ட்மாஸ்டர் பட்டமா?

சென்னை செஸ் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: 12 வயதுக்குட்பட்டோர் மாநிலப் போட்டியில் ஜெயித்தாலே கிராண்ட்மாஸ்டர் பட்டம் கிடைத்துவிடுமாம்.

தவறு. அந்தப் பட்டத்துக்கு வழக்கமான வழி, வலுவான சர்வதேசப் போட்டிகளில் மூன்று நார்ம் (பட்டத்துக்குத் தேவையான தரத்தில் ஆடினால் கிடைக்கும் தகுதி) எடுப்பதும், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கில் 2500-ஐத் தொடுவதும்தான். நம்ம சென்னை பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 2013-இல் 8 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம், 2015-இல் 10 வயதுக்குட்பட்டோர் உலகப் பட்டம் இரண்டையும் வென்றார். வெறும் மாநிலப் பட்டம் இல்லை, உலகப் பட்டம். அப்படியும் கிராண்ட்மாஸ்டர் ஆனது 2018-இல்தான்.

சந்தேகமா? ஃபிடே ரேட்டிங் தளத்தில் ஆட்டக்காரரின் பெயரைப் போட்டால் பட்டமும் ரேட்டிங்கும் தெரியும், விதிகள் ஃபிடே கையேட்டில் இருக்கின்றன.

இதை நம்பி ஆசையோடு விளையாடப்போகும் குழந்தைக்குத்தான் ஏமாற்றம். தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.