ஏழு ஆட்டம் என்றால் கனடாதான்

போன வருடம்... இல்லை, சரியாகவே சொல்லிவிடுகிறேன், 2025 மே 22. உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப் கால் இறுதி. டென்மார்க்கில் ஹெர்னிங் என்ற ஊரில் அந்த நாட்டு அணியும் கனடாவும். இந்தப் பக்கம் கனடா: கிராஸ்பி, மெக்கின்னன் மாதிரி நட்சத்திரங்கள், 28 உலகப் பட்டங்கள். அந்தப் பக்கம் அதுவரை அரை இறுதியின் வாசலைக்கூட மிதிக்காத அணி. அங்கே இரவு, இங்கே கனடாவில், டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் பிற்பகல். எனக்கு அன்று இரவு ஷிப்ட் என்பதால் வீட்டில் டிவி முன்னால்.

மகன் பள்ளி விட்டு வந்து பையை எறிந்தபோது மூன்றாவது பீரியட், அதாவது கடைசி இருபது நிமிடம், தொடங்கும் நேரம். 0-0. “இன்னுமா கோல் விழல?” என்றான்.

விஷயமே அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கூடைப்பந்தில் ஒரு ஆட்டத்துக்கு நூறு புள்ளி விழும். அத்தனை முறை எண்ணினால் கெட்டிக்காரன் எப்படியும் மேலே வந்துவிடுவான். ஹாக்கியில் இரண்டு பக்கமும் சேர்த்தே ஐந்தாறு கோல்தான். ஒரு ஷாட் யாருடைய மட்டையிலாவது பட்டுத் திசைமாறி உள்ளே போனால் கணக்கு தலைகீழ். வட அமெரிக்க லீக்கான என்எச்எல் பிளே ஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை வைத்திருப்பதும் சும்மா இல்லை. ஒரு நாள் அதிர்ஷ்டம் ஏழு நாள் நிற்காது. உலக சாம்பியன்ஷிப்பிலும் ஒலிம்பிக்கிலும் அந்த வசதி கிடையாது. அறுபது நிமிடம், அவ்வளவுதான்.

அதனால், நாக் அவுட்டில் சின்ன அணிக்கு வாய்ப்பு உண்டா என்று யாராவது கேட்டால், அவர்களுடைய ஃபார்வர்ட் யார் என்று நான் பார்ப்பதே இல்லை. கோலி, அதாவது கோல் காப்பவர், யார் என்றுதான் பார்ப்பேன்.

2014 சோச்சி ஒலிம்பிக் கால் இறுதி ஞாபகம் இருக்கிறதா? கனடாவுக்கு எதிரே லாட்வியா. கோலில் கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் என்ற 21 வயதுப் பையன். கனடா அடித்தது 57 ஷாட். பையன் தடுத்தது 55. லாட்வியா மொத்தமாக அடித்ததே 16 ஷாட்; அதில் ஒன்றைத் தார்சின்ஸ் தனியாகக் கொண்டுபோய் உள்ளே தள்ளிவிட்டார். 1-1. அந்த ஸ்கோர் அப்படியே நிற்க நிற்க, கனடா வீரர்கள் தூரத்திலிருந்தே கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதுபோல எனக்குத் தோன்றியது. கடைசியில் ஏழு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில், லாட்வியாவுக்கு ஒரு ஆள் குறைவாக இருந்தபோது, ஷே வெபர் அடித்த அடிதான் காப்பாற்றியது. 2-1. அந்த முறை தங்கம் வாங்கிய கனடாவை இதைவிட நடுங்க வைத்த ஆட்டம் எது? எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய அணி முதல் இருபது நிமிடத்தில் இரண்டு கோல் போட்டுவிட்டால் கதை முடிந்தது. விழாவிட்டால், நேரம் யாருக்காக ஓடுகிறது என்பது மெல்ல மாறுகிறது. ஹெர்னிங்கில் அதைத்தான் பார்த்தேன். மூன்றாவது பீரியடில் கனடாவின் சான்ஹைம் ஒரு கோல் போட்டதும் மகன் சோபாவில் ஏறிக் குதித்தான். எனக்கும் முடிந்தது என்றுதான் பட்டது. ஆனால் டென்மார்க் கோலி ஃப்ரெடெரிக் டிக்கோவ் அதற்குமேல் ஒன்றும் விடவில்லை. கடைசி மூன்று நிமிடத்துக்குள் அவரையே வெளியே அழைத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கினார்கள். வலை காலி. தோற்கப்போகிறவன் வீட்டை அடகு வைப்பதுபோலத்தான் இது. 2:17 மிச்சமிருக்க எலர்ஸ் அடித்தார், சமன். வெறும் 49 விநாடி இருக்கும்போது நிக் ஒலேசன். 2-1.

“லக்” என்றான் மகன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. இருக்கட்டும், லக்தான். 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் பெலாரஸ் ஆட்டக்காரர் கொபாட் நடு மைதானத்துப் பக்கமிருந்து அடித்த பந்து (பக் என்று சொல்ல வேண்டும், அது ரப்பர் வட்டு; கை பழகவில்லை) ஸ்வீடன் கோலி சாலோவின் தலையில் பட்டு, அவர் முதுகுப் பக்கமாக உருண்டு உள்ளே போயிற்று. 4-3. அதைவிட லக் உண்டா? ஆனால் மூன்றாவது பீரியடின் கடைசி நிமிடங்கள் வரைக்கும் சமனில் நிற்க வைத்தது லக் இல்லையே. அந்த உழைப்பு இல்லாவிட்டால் அந்த ஷாட் வெறும் சிரிப்புக்குத்தான் ஆகியிருக்கும்.

இரண்டே நாளில் சுவிட்சர்லாந்திடம் டென்மார்க் 0-7 என்று உதை வாங்கியது. பெலாரஸும் அரை இறுதியில் கனடாவிடம் 1-7. அதைக் காட்டி, “பார்த்தாயா, தகுதி இல்லாதவர்கள்” என்று அலுவலகத்தில் ஒரு நண்பர் சொன்னார். எனக்கு இது எரிச்சலாக இருக்கிறது. கனடாவை ஏழு முறை ஆடினால் டென்மார்க் ஆறு முறை தோற்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு யாரும் ஏழு ஆட்டம் வைக்கவில்லையே ஐயா.

அன்றிரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது மகன் கூடத்தில் சாக்ஸைச் சுருட்டிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். சிட்னி கிராஸ்பியா என்று கேட்டேன். இல்லையாம். தங்கச்சியை ஷாட் அடிக்கச் சொல்லியிருக்கிறானாம், அவள் வரும்வரை பயிற்சி. அவன்தான் டிக்கோவாம்.