எந்தப் பெட்டியிலும் தமிழ் இல்லை

"எந்த சிலபஸ் ஃபாலோ பண்றீங்க?" மகளை வீட்டிலேயே படிக்கவைக்கிறோம் என்றதும் வரும் முதல் கேள்வி இது. எதையும் முழுசாக இல்லை என்றால் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். கணக்குக்குச் சிங்கப்பூர் முறை, மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் அரசுப் பாடநூல், ஆங்கிலத்துக்குக் கதைப்புத்தகங்கள், அறிவியலுக்கு யூடியூப் பாதி தோட்டம் பாதி, தமிழுக்கு என் அம்மா. "பசெம்புர் மாதிரி இருக்கே" என்று, பலதையும் வெட்டிக் கலக்கும் அந்தப் பினாங்குப் பண்டத்தைச் சொல்லி நாத்தனார் கிண்டல் செய்தார். செய்யட்டும்.

என்னைக் கேட்டால், மலேசியத் தமிழ்க் குடும்பம் வீட்டுக்கல்வியில் இறங்கினால் கலந்துதான் ஆகவேண்டும். நமக்காக யாரும் முழுப் பாடத்திட்டத்தையும் பெட்டி கட்டி வைக்கவில்லை. அமெரிக்கப் பாடத்திட்டத்தை வாங்கினால் டாலரும் அங்குலமும் வரும். அக்டோபரில் இலை உதிர்வதைப் பார்த்து வரையச் சொல்லும். நாங்கள் இருக்கும் பினாங்கு ஜெலுத்தோங்கில் அக்டோபரில் மழை கொட்டும். ஐஜிசிஎஸ்இ என்ற பிரிட்டிஷ் தேர்வு வழியில் போனால் ஆங்கிலமும் அறிவியலும் உறுதியாக இருக்கும், தமிழை நீங்கள்தான் தேடவேண்டும். கடைவீட்டு மாடியில் 'ஹோம்ஸ்கூல் சென்டர்' என்று போர்டு மாட்டி, காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை உட்காரவைக்கிறார்களே, அது இன்னொரு கதை. என் கணக்கில் அதுவும் பள்ளிதான், கட்டணம்தான் கூடுதல்.

கலப்பது என்றால் எல்லாவற்றிலும் பிடித்ததைப் பிய்த்து எடுப்பது என்று நினைக்காதீர்கள். கணக்கைக் கலக்கவே கூடாது. ஒவ்வொரு பாடத்திட்டமும் ஒவ்வொரு வரிசையில் போகும். சிங்கப்பூர் முறையில் முதலில் பொருளைத் தொட்டு, அப்புறம் படமாக வரைந்து, கடைசியில்தான் எண்ணுக்கு வருவார்கள். கீழ் வகுப்பில் எண்களைப் பட்டைகளாக வரைந்த அந்தப் படம்தான் பின்னால் இயற்கணிதத்துக்குக் கைகொடுக்கும். நடுவில் வேறு புத்தகத்துக்குத் தாவினால் அந்த நூல் அறுந்துவிடும். தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் மூன்று புத்தகத்தில் மூன்று முறை பின்னம் படித்தான். குறை எண் பக்கமே போகவில்லை.

மலாய்மொழியும் வரலாறும் அப்படித்தான். இந்த இரண்டிலும் தேறாமல், இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வின் சான்றிதழ் கிடையாது, தனித்தேர்வராக எழுதினாலும் இதே விதிதான். அதனால் அரசுப் பாடநூலை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிடுகிறோம். அதில் எனக்கு எந்தச் சுதந்திர தாகமும் இல்லை.

மற்றதில்தான் கை வீசி நடக்கலாம். சார்லட் மேசன் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் நூறு வருடத்துக்கு முன்பே சொன்னவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்: படித்ததைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்வது, இயற்கைக் குறிப்பேடு. போன மாதம் காலையில் பசியாறிவிட்டு நான், அம்மா, மகள் மூவரும் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். நாகலிங்க மரத்தடியில் விழுந்து கிடந்த பூவை அம்மா எடுத்து, உள்ளே படம் எடுத்த பாம்பு போல வளைந்திருப்பதைக் காட்டி, சிவனுக்கு உகந்தது என்றார். மகள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாப் பூவும் கிளை நுனியில் பூக்குது, இது மட்டும் ஏன் அடிமரத்திலேயே பூக்குது?" என்றாள். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடினோம். பலாவும் கொக்கோவும் அப்படித்தான் என்று தெரிந்தது, கோயில் மரம் என்று நினைத்தது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்பதும் தெரிந்தது. அம்மாவுக்கு இரண்டாவது செய்தியில் கொஞ்சம் வருத்தம். மகள் தமிழில் அரைப்பக்கம் எழுதினாள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ழகர லகரத்தைத் திருத்தினார். அறிவியல், தமிழ், ஓவியம் மூன்றும் அந்தக் காலையில் முடிந்தது. குரங்கு ஒன்று பிஸ்கட் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியதை எந்தப் பாடத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

"தமிழ் தமிழ் என்கிறீர்களே, தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பலாமே" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்க்கல்வியின் வரலாற்றை 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கெடுக்கும் ஊர்க்காரர்கள் நாம். மகள் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில்தான் படித்தாள், அவள் தம்பி இப்போதும் அங்கேதான். ஆரம்பப்பள்ளி வயதில் தமிழ்ப்பள்ளியைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடுகிறதே! அதற்குப் பிறகு பெரும்பாலும் ஒரு பாடமாகத்தான் தமிழ், அதுவும் ஆசிரியர் கிடைத்தால். இடைநிலைப்பள்ளியின் அந்த ஐந்து வருடத்தைத்தான் நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி 2003 முதல் ஆரம்பக்கல்வி கட்டாயம். மீறினால் 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விலக்கு தரும் அதிகாரம் அமைச்சரிடம். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. அதனால் நாங்களும் விலக்குக் கடிதத்துக்கு ஆவணங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். புதிதாகத் தொடங்குபவர்கள் புத்தகம் வாங்குவதற்கு முன் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு உதவி. வேதியியல் எனக்கு வராது, வீட்டில் ஆய்வுக்கூடமும் கிடையாது. ஜெலுத்தோங், கிரீன் லேன் பக்கம் வாரம் ஒருமுறை சொல்லித்தர யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். தமிழில் விளக்கத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.