தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இருக்கிற நண்பர்கள், முக்கியமாகச் சங்கத்துப் பொறுப்பில் இருப்பவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். உங்கள் வளாகத்துக் கீழ்த்தளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்), பழைய கட்டடமாக இருந்தால் செப்டிக் டேங்க், அது ஒரு வேலைத்தலம். அங்கே வேலை செய்பவருக்கு முதலாளிகள், பராமரிப்புக் கட்டணம் கட்டுகிற நாம்தான். நடுவில் கான்ட்ராக்டர் இருக்கலாம், ஃபெசிலிட்டி மேனேஜர் இருக்கலாம். பணம் நம்முடையது, தொட்டி நம்முடையது, அதில் இருப்பதும் நம்முடையது.

ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அங்கே ஒரு தொட்டிக்குள் தலையை நீட்ட வேண்டுமென்றாலும் பெர்மிட் வேண்டும். இது அந்த நிர்வாகத்தின் பெருந்தன்மை இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆவது பிரிவிலேயே எழுதி வைத்தார்கள்: தகுதியுள்ள ஒருவர் சோதித்துப் பார்த்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் இறங்குபவர் மூச்சுக் கருவி போட்டிருக்க வேண்டும், இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனை வெளியே நிற்கிறவர் கையில். உள்ளே கொண்டுபோகிற கைவிளக்கு 24 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்பது வரைக்கும் அந்தச் சட்டத்தில் இருந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தால், அதே மாதிரி தொட்டி, அதே மாதிரி வாயு. பெர்மிட்டும் கிடையாது, கயிறும் கிடையாது.

போன மாதம் எங்கள் சங்கத்து வாட்ஸாப் குழுவில் இரண்டு கொட்டேஷன் வந்தது. சேறு படிந்துபோன சேகரிப்புத் தொட்டியைச் சுத்தம் செய்ய. ஒன்றில் உறிஞ்சு லாரி, சேறு இறைக்கும் பம்ப், உயர் அழுத்தத் தண்ணீர் என்று விவரமாக இருந்தது. தொகை அதிகம். இன்னொன்றில் ஒரே வரி: "மேனுவல் கிளீனிங், 2 ஆள், பக்கெட், ரோப் சேர்த்து." அந்த ரோப் மனிதரைக் கட்டுவதற்கு இல்லை, பக்கெட்டைக் கட்டுவதற்கு. இரண்டாவது கொட்டேஷனுக்குக் கீழே அரை மணி நேரத்துக்குள் அத்தனை கட்டைவிரல்கள்! யாரும் கெட்டவர்கள் இல்லை. கோவிலுக்கு நன்கொடை கேட்டால் அள்ளிக் கொடுக்கிறவர்கள், வாட்ச்மேன் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் திரட்டியவர்கள். அந்த ஒரு வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

கழிவு தேங்கி அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அழுகின முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். நாற்றம் அடிக்கிற வரைக்கும் மூக்காவது எச்சரிக்கும். ஆனால் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு) பக்கம் போகும்போது மூக்கு மரத்துப்போகும், வாசனையே தெரியாது. "இப்போ நாத்தம் குறைஞ்சிருச்சு சார், எறங்கலாம்" என்கிற அந்த நிமிடம் மிக மோசமான நிமிடமாக இருக்கலாம். 1000 பிபிஎம் தொட்டால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்துவதற்கு நேரம் இருக்காது.

மூடியை ஒரு மணி நேரம் திறந்துவைத்தால் வாயு போய்விடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, அடியில்தான் படியும். கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்ப்பார்களே, அதைப் போல நெருப்பைக் காட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. கழிவுத் தொட்டியில் மீத்தேனும் சேர்ந்திருக்கும், பற்றிக்கொள்ளும். ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் விளக்கு அணையாமல் எரியும். தயவுசெய்து அந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

இன்னொன்று, எங்கள் வேலையில் நாங்கள் கண்ணால் பார்ப்பது. கேஸ் டிடெக்டரின் குழாயை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் விட்டுப் பார்ப்போம். ஆக்ஸிஜன் 20.9 சதவீதம், ஹைட்ரஜன் சல்ஃபைடு பூஜ்யம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பிறகு கம்பை விட்டு அடிச்சேற்றைக் கிளறுவோம். குமிழ் குமிழாகக் கிளம்பும். 10 பிபிஎம் தாண்டினால் அலறும்படி வைத்திருக்கிற கருவி உடனே அலற ஆரம்பிக்கும். சேற்றுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு அது. சேற்றை அள்ளுவதுதானே அந்த மனிதருக்கு நாம் கொடுக்கிற வேலை? இறங்கும் முன் சோதித்தோம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத காரணம் இதுதான்.

இனி, செய்தித்தாளில் "மூன்று பேர் பலி" என்று ஏன் அடிக்கடி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கிறார். பெரும்பாலும் அண்ணன் தம்பி, அப்பா மகன், ஒரே தெருக்காரர்கள். கண்ணெதிரே தம்பி சரிந்து கிடந்தால் மேலே நிற்கிறவருக்குக் கை கால் ஓடுமா, கருவி வரட்டும் என்று காத்திருப்பாரா? தொழிலாளர் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கையிலேயே, இப்படிப்பட்ட அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியிருந்தது. மயங்கிக் கிடக்கிற ஒருவரை இரண்டடி வாய் வழியாக வெறும் கையால் தூக்கவே முடியாது. மேலே முக்காலி, கப்பி, உடம்பு முழுக்கப் போட்ட பெல்ட் இருந்தால்தான் உள்ளே யாரும் போகாமல் மேலே இழுக்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய ஆளை நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. மறைமுகமாக என்று வந்துவிட்ட பிறகு "கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார்" என்று நழுவ வழியில்லை. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20ஆம் தேதி அதை 30 லட்சமாக்கியது. எஸ்.டி.பி. தொட்டி செப்டிக் டேங்க் ஆகாது என்று குழுவில் ஒருவர் வாதாடினார். சட்டப் புத்தகத்தில் எப்படி இருந்தாலும், இரண்டிலும் இருக்கிற வாயு ஒன்றுதான்.

இதில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்த 2 ஆள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பழகியவர்கள், பயப்பட மாட்டார்கள் என்கிறோம். நுரையீரலுக்குப் பழக்கம் என்று ஒன்று கிடையாது. குடித்துவிட்டு இறங்கினார், அதனால்தான் இறந்தார் என்றும் சொல்வார்கள். குடிக்காமல் அந்தத் தொட்டியில் யாரால் இறங்க முடியும்? சொல்லப்போனால், நாமே இறங்க முடியாத இடத்தில் இன்னொருவரை எதற்கு இறக்க வேண்டும்? கையுறை கொடுத்தோம், மாஸ்க் கொடுத்தோம் என்பதெல்லாம் இங்கே பேச்சே இல்லை. கொரோனாவுக்குப் போட்ட துணி மாஸ்க் இந்த வாயுவை ஒரு நொடிகூடத் தடுக்காது. ஆள் இறங்கவே தேவையில்லாமல் வேலையை மாற்றுவதுதான் பாதுகாப்பு.

எங்கள் குடியிருப்பில் இரண்டு கூட்டம் போட்டுப் பேசி முதல் கொட்டேஷனை எடுத்தோம். வித்தியாசத் தொகையை வீடுகளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பம் ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் செலவுகூட வரவில்லை. ஒப்பந்தத்தில் "எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது; அடைப்பு எடுபடவில்லை என்றால் வேலையை நிறுத்திச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும்" என்று எழுதி வாங்கினோம். மூடிகளுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, சாவி செயலாளரிடம்.

கீழ்த்தள எஸ்.டி.பி. அறையின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போய்ப் பாருங்கள். சத்தம் வருகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்று அதை அணைத்து வைத்திருக்கிற வளாகங்கள் நிறைய. அணைத்தால் தொட்டிக்கு வெளியே, ஆபரேட்டர் நிற்கிற இடத்திலேயே வாயு சேரும். தனி வீட்டுக்காரர்கள் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். புது வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர் சம்பையும் கவனியுங்கள்: மூடிக் கிடக்கும் புதுச் சம்பில் கான்கிரீட்டுக்கு அடித்த ஈரச் சென்ட்ரிங் பலகை அழுகி ஆக்ஸிஜனைத் தின்றுவிடும், பலகை பிரிக்க இறங்குகிறவர் அதோடு போய்விடுவார். காற்றை அளந்து, புளோயர் போட்ட பிறகுதான் ஆளை விட வேண்டும்.

ஃப்ளாட் பார்க்கப் போகிறவர்கள் கிளப் ஹவுஸையும் நீச்சல் குளத்தையும் பார்த்த கையோடு எஸ்.டி.பி. அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆள் இறங்காமல் இந்தத் தொட்டியை எப்படிச் சுத்தம் செய்வீர்கள், உறிஞ்சு குழாய் எந்த வழியாகப் போகும், லாரி எதுவரை வரும் என்று கேளுங்கள். வரைபடத்தில் இருக்கும்போதே கேட்டால் பில்டருக்கு அது ஒரு குழாயும் ஒரு வால்வும்தான். கான்கிரீட் போட்ட பிறகு கேட்டால், வருடா வருடம் "2 ஆள்" தேட வேண்டி வரும்.