செய்தி வாசிப்பாளர் மனப்பாடம் செய்வதில்லை

சில அண்ணன்மார், ஓய்வுபெறும் ஒரு மூத்த தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் அரைமணி நேரச் செய்தியையும் மனப்பாடம் செய்து, தாளைப் பார்க்காமலே சொல்வார் என்று எழுதி, அது திருகோணமலை இணையக் குழுக்களெல்லாம் சுற்றுது. அவர் திறமைசாலிதான். ஆனால் நடப்பது வாசிப்பு.

கமராவுக்கு முன்னால் 45 பாகையில், ஊடே பார்க்கக்கூடிய ஒரு கண்ணாடி சரிந்து நிற்கும். கீழே படுத்திருக்கும் திரையில் எழுத்து இடம் வலம் மாறி ஓடும். கண்ணாடியில் பட்டு வாசிப்பவருக்கு நேராகத் தெரியும். கண்ணாடி அந்த எழுத்தை வாசிப்பவர் பக்கமே திருப்புவதால் பின்னாலுள்ள கமராவுக்கு அது தெரியாது; கறுப்புத் துணி மூடிய இருட்டு எழுத்தை வாசிப்பவருக்குத் தெளிவாகக் காட்டும். இதுதான் டெலிப்ரொம்ப்டர், 1950களிலேயே வந்த கருவி. கையிலுள்ள தாள், கருவி நின்றுவிட்டால் கைகொடுக்க.

சந்தேகமென்றால் வீட்டிலேயே பாருங்கோ. படச்சட்டம் போடும் கடையில் ஒரு கண்ணாடித் துண்டு வாங்கி, விளிம்பில் டேப் ஒட்டி (கை வெட்டும்), போனுக்கு மேலே 45 பாகையில் சாய்த்துப் பிடியுங்கோ. ப்ரொம்ப்டர் செயலியில் எழுத்தைத் திருப்பும் தெரிவைப் போட்டு, கறுப்பில் வெள்ளை எழுத்து வையுங்கோ. பின்னால் கறுப்புத் துணி கட்டாயம். துணியை எடுத்தால் எழுத்து மங்கிப்போகும். சாதாரணக் கண்ணாடியின் இரு பக்கமும் பிரதிபலிப்பதால் எழுத்து இரட்டையாகத் தெரியும், பிழையில்லை. ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அதற்கென்றே பூச்சு உண்டு.

இன்றிரவுச் செய்தியில் முகம் கிட்டத் தெரியும்போது கண்மணியைக் கவனியுங்கோ: அவருக்கு இடமிருந்து வலமாக, பார்க்கும் எங்களுக்கு வலமிருந்து இடமாக, மெல்ல அசைவது தெரியலாம்.